இரண்டு மழைக்கு ஒரு கோட்டு

குளிர்நாட்டு மழையை மனத்தில் வைத்துத் தைத்த சட்டையைத்தான் உலகம் முழுக்க மழைக்கோட்டு என்று விற்கிறார்கள். அந்த நாடுகளில் மழையும் குளிரும் கூட்டாளிகள். கழுத்து, மணிக்கட்டு, இடுப்பு என்று காற்று நுழையும் வழியையெல்லாம் இறுக்கி அடைத்துவிட்டால் உடம்புச் சூடு உள்ளேயே நிற்கும்; ஆள் பிழைத்துக்கொள்வான். கன்னியாகுமரி மாவட்டத்தில் எங்கள் பத்மநாபபுரத்து மழைக்கு அந்த இயல்பு கிடையாது. ஆனி மாதம் வேளிமலையை மறைத்துக்கொண்டு மழை இறங்கும்போதுகூட வெப்பம் இருபத்தைந்து பாகையை ஒட்டித்தான் நிற்கும். அந்த மழையில் இறுக்கி மூடிய கோட்டைப் போட்டுக்கொண்டு தக்கலைக்கு நடந்து போய் வந்தால் உள்ளே சட்டை நனைந்திருக்கும். நனைத்தது மழையா வியர்வையா என்று யாரும் பிரித்துச் சொல்ல முடியாது.

அதற்காகக் கோட்டு வேண்டாம் என்றும் இருந்துவிட முடியாது. இரவு எட்டு மணிக்கு நாகர்கோவிலிலிருந்து பைக்கில் கிளம்பி, பாதி வழியில் தொப்பலாக நனைந்து, ஈரச் சட்டைமேல் காற்று அடிக்க வீடு வந்து சேர்கிறவருக்குப் பல் கிட்டத்தான் செய்யும். ஈரம் ஆவியாகும்போது தோலிலிருந்து சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. வண்டி வேகம் அதைத் துரிதப்படுத்துகிறது. இந்த ஊர்க் குளிர் வானத்திலிருந்து வருவதில்லை, நனைந்த துணியிலிருந்து வருகிறது.

மழைக்காலமும் இங்கே இரண்டு. எங்கள் கல்குளம் தாலுகா 1956 நவம்பர் 1 வரை மலையாளக் கரையோடு இருந்தது. வயசாளிகள் பேச்சில் இன்றும் இடவப்பாதி, துலாவர்ஷம் என்றுதான் மழைக்குப் பெயர். சென்னைக்காரர் ஐப்பசி கார்த்திகையோடு கணக்கை முடித்துவிடுவார். நமக்கு ஜூனில் ஒன்று, அக்டோபரில் இன்னொன்று. பத்மநாபபுரம் அரண்மனை தமிழ்நாட்டு மண்ணில் நின்றாலும் பராமரிப்பது கேரளத் தொல்லியல் துறை. மழையிலும் பாதி அந்த நிர்வாகத்திலிருந்துதான் வருகிறது என்று நாங்கள் சொல்லிக்கொள்வதுண்டு. ஆக, இங்கே ஒரு கோட்டுக்கு ஓய்வு குறைவு. முதல் மழை முடிந்து மடித்து அலமாரியில் வைத்தது முழுதாகக் காய்வதற்குள் இரண்டாம் மழைக்கு வெளியே வருகிறது, கூடவே பூசண வாடையும் வருகிறது.

தக்கலைச் சந்தைப் பக்கம் ஒரு கடையில் கோட்டு எத்தனை நாள் வரும் என்று கேட்டதற்குக் கடைக்காரர் சொன்னது நேர்மையான பதில்: "சாரே, இடவப்பாதிக்கு நான் உத்தரவாதம். துலாத்துக்கு அதுவே ஒறப்பு சொல்லணும்."

நீடித்து உழைக்கும் கோட்டு எது என்று யோசிக்கத் தொடங்கினால், இந்த மாவட்டத்தில் அது நேராக ரப்பர் மரத்தடியில் கொண்டுபோய் விடும். நவீன மழைக்கோட்டின் கதையே அந்த மரத்துப் பாலில்தான் தொடங்குகிறது. அமேசான் காட்டு மக்கள் துணியில் ரப்பர் பாலைப் பூசி நீர்புகாமல் செய்துகொள்வதை ஐரோப்பியர்கள் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே பார்த்திருந்தார்கள். ஆனால் பால் கப்பலில் ஊர் போய்ச் சேர்வதற்குள் உறைந்துவிடும். உறைந்த ரப்பரை மறுபடி கரைக்கத் தெரிந்தால்தான் வேலைக்கு ஆகும். கிளாஸ்கோவில் சார்லஸ் மக்கின்டாஷ், நிலக்கரித் தாரிலிருந்து எடுத்த நாஃப்தாவில் ரப்பரைக் கரைத்து, இரண்டு துணிகளுக்கு நடுவே பூசி ஒட்டி, 1823-இல் காப்புரிமை வாங்கினார். இன்றும் இங்கிலாந்தில் மழைக்கோட்டுக்கு அவர் பெயர்தான். அந்த முதல் கோட்டுகள் எப்படி இருந்தன என்பதைப் பெருமையாகச் சொல்கிறவர்கள் குறைவு. வெயிலில் இளகிப் பிசுபிசுக்கும், பனியில் விறைத்துப் பலகையாகும், நாற்றம் வேறு. தையல் ஊசி போன துளையெல்லாம் ஒழுகும். கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால் ரப்பர் இரண்டு பருவத்தையும் தாங்கும் என்று சார்லஸ் குட்இயர் 1839-இல் கண்டுபிடித்து, இங்கிலாந்தில் தாமஸ் ஹான்காக் அதே வழியை 1843-இல் பதிவுசெய்த பிறகுதான் கோட்டு உருப்படியானது.

1876-இல் ஹென்றி விக்காம் பிரேசிலிலிருந்து ஏறத்தாழ 70,000 ரப்பர் விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். முளைத்தவை கொஞ்சம்தான். அந்தக் கன்றுகளில் பெரும்பகுதி அதே ஆண்டு இலங்கைக்குக் கப்பலேறியது. 1902-இல் பெரியாற்றங்கரையில் தட்டேக்காட்டில் ஐரோப்பியத் தோட்டக்காரர்கள் ரப்பரைத் தொழிலாக நட்டார்கள். அங்கிருந்து திருவிதாங்கூர் மலையடிவாரம் முழுக்க மரம் பரவியது. இன்று தமிழ்நாட்டு ரப்பரில் மிகப் பெரும்பங்கு இந்த மாவட்டத்தில்தான் கிடைக்கிறது. 1984-இல் தொடங்கிய அரசு ரப்பர் கழகத்தின் தலைமை அலுவலகமும் நாகர்கோவிலில்தான். கீரிப்பாறை, சிற்றாறு, கோதையாறு என்று அதன் தோட்டங்கள் காட்டோரமாகக் கிடக்கின்றன. இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய மலையகத் தமிழர் குடும்பங்கள் அங்கே பால்வெட்டுக்கு வந்து தங்கின. அந்த விதை இலங்கை வழியாக வந்ததுபோல அவர்களும் வந்தார்கள். விதைக்குக் கிடைத்த வரவேற்பு அவர்களுக்குக் கிடைத்ததா என்பது தனியாக எழுத வேண்டிய விஷயம்.

நம் ஊர்ப் பாலில் பெரும்பங்கு டயருக்குப் போய்விடுகிறது. தக்கலைக் கடையில் தொங்கும் கோட்டில் ரப்பர் ஒரு துளியும் கிடையாது. எல்லாம் பெட்ரோலியத்திலிருந்து பிறந்த பிளாஸ்டிக். ஒருகாலத்தில் ரப்பர் பூசிய கோட்டு என்றால் கல்கத்தாவிலிருந்து வரும் டக்பேக். சுதேசிக் காலத்தில், 1920-இல், சுரேந்திர மோகன் போஸ் தொடங்கிய பெங்கால் வாட்டர்புரூஃப் நிறுவனத்தின் சரக்கு அது. தபால்காரர், போலீஸ்காரர், மின்வாரிய லைன்மேன் என்று வெளியில் நின்றே ஆக வேண்டியவர்கள் தோளில் அந்த மாதிரிக் கனத்த கோட்டைப் பார்த்து வளர்ந்த தலைமுறை எங்களுடையது. கனம்தான் அதன் குறை, கனம்தான் அதன் ஆயுளும். மடிப்பில் வெடிக்கும்வரை அது விடாது.

மழைக்கோட்டைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் மறந்துவிடுகிற ஒன்று இந்த மாவட்டத்தில் உண்டு. இங்கே மரத்துக்கும் மழைக்கோட்டு உண்டு. ரப்பர் மரத்தில் பால்வெட்டு விடியுமுன் நடக்க வேண்டும். குளுமையில்தான் பால் நன்றாக ஓடும். வெட்டிய சாலில் வழிந்து சிரட்டையில் சேர இரண்டு மூன்று மணி நேரமாவது பிடிக்கும். இடையில் மழை வந்தால் பால் சாலை விட்டுப் பட்டையெல்லாம் பரவி மண்ணுக்குப் போகும். சிரட்டையில் விழுந்தது நீர்த்துப்போகும். ஈரமான வெட்டுக்காயத்தில் பூஞ்சை ஏறிப் பட்டை அழுகும். அதைச் சரியாகக் கவனிக்காவிட்டால் அந்த முகத்தில் பின்னால் வெட்டவே முடியாமல் போகலாம். ஆகவே இடவப்பாதிக்கு முன்னால் ஒவ்வொரு மரத்திலும் வெட்டுச் சாலுக்கு மேலே பட்டையைச் சுரண்டி, தார்ப்பசை தடவி, பாலிதீன் தாளைக் கொசுவம் வைத்து ஒட்டி, நாடா வைத்து இறுக்கிவிடுவார்கள். ரெயின் கார்டு என்பது அதன் பெயர். சிலர் பாவாடை என்பார்கள். அது மரத்தை மூடுவதில்லை. மேலே மட்டும் ஒட்டியிருக்கும். கீழே விரிந்து தொங்கும். மழை மரத்தின் உச்சியிலிருந்து தண்டு வழியாக இறங்கி வந்து, பாவாடையின் விளிம்பில் விலகி விழும். பால்வெட்டுகிறவர் ஓரத்தைத் தூக்கி, வெட்டி, திரும்ப விட்டுவிட்டு அடுத்த மரத்துக்குப் போவார். உள்ளே காற்றோட்டம் இருப்பதால் பட்டை வியர்ப்பதில்லை.

இதைவிடக் கச்சிதமான மழைக்கோட்டு இலக்கணத்தை நான் எந்தக் கம்பெனியின் விளம்பரத்திலும் படித்ததில்லை. மேலே ஒட்டு, கீழே விடு.

அந்தப் பாவாடையைத் தூக்கி வெட்டுகிற ஆளின் தோளில் பல நேரம் உரச்சாக்குப் பிளாஸ்டிக்தான். முந்நூறு, நானூறு மரம் வெட்டுகிற ஒருவர், வேர்க்கிளம்பிப் பக்கம் தோட்டத்தில் நின்று, சிரித்துக்கொண்டேதான் சொன்னார்: "மரத்துக்குப் பாவாட கெட்டியாச்சு. எனக்குத்தான் ஒண்ணும் கிட்டல்ல."

சட்டம் அப்படி விட்டுவிடவில்லை, காகிதத்தில். 1951-இன் தோட்டத் தொழிலாளர் சட்டத்தில் பதினேழாம் பிரிவு என்று ஒன்று இருந்தது. மழையிலிருந்தும் குளிரிலிருந்தும் தொழிலாளியைக் காக்கக் குடை, கம்பளி, மழைக்கோட்டு போன்றவற்றை முதலாளி கொடுக்க வேண்டும் என்று விதிசெய்யும் அதிகாரத்தை அது மாநில அரசுக்குக் கொடுத்தது. நாடாளுமன்றம் உட்கார்ந்து மழைக்கோட்டு என்ற சொல்லைச் சட்டத்தில் எழுதியிருக்கிறது என்பதை நினைத்தால் எனக்கு ஒரு மரியாதை வருகிறது. ஆனால் அந்தச் சட்டம் குறைந்தது ஐந்து ஹெக்டேர் பரப்பும் பதினைந்து தொழிலாளரும் உள்ள தோட்டத்துக்குத்தான் பொருந்தியது. கல்குளத்திலும் விளவங்கோட்டிலும் ரப்பர் பெரும்பாலும் ஓர் ஏக்கர், இரண்டு ஏக்கர் என்று வீட்டுப் பின்புறத்தில் நிற்கிறது. அந்த மரத்தை வெட்டுகிறவர் அந்தச் சட்டத்தின் கண்ணில் தோட்டத் தொழிலாளியாகவே இருந்ததில்லை. 2020-இல் நிறைவேறிய தொழிலிடப் பாதுகாப்புத் தொகுப்புக்குள் பழைய சட்டத்தையும் போட்டுக் கரைத்துவிட்டார்கள். மரத்துக்குக் கோட்டு போட்டால் பால் கூடும். ஆளுக்குப் போட்டால் என்ன கூடும் என்பதுதான் கணக்கு.

உண்மையான குளிர் வேண்டுமென்றால் நிமிர்ந்து பார்க்க வேண்டும். மேல் கோதையாறு ஏறத்தாழ 1,300 மீட்டர் உயரத்தில், இதே மாவட்டத்தின் தலைமாட்டில் இருக்கிறது. சாலையில் போக வேண்டுமானால் திருநெல்வேலிப் பக்கம் சுற்றி மணிமுத்தாறு, மாஞ்சோலை, குதிரைவெட்டி வழியாகத்தான் போக முடியும். மாஞ்சோலைத் தேயிலைக் காடு மழை தமிழ்நாட்டிலேயே அதிகம் கொட்டுகிற இடங்களில் ஒன்று, நாலுமுக்கும் ஊத்தும் அங்கேதான். அங்கே கொழுந்து பறித்தவர்களுக்குக் கம்பளிதான் கோட்டு. கம்பளி நீரைத் தடுப்பதில்லை. குடிக்கிறது. தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு ஈரத்தை நூலுக்குள் வாங்கிக்கொண்டும் தொட்டால் ஈரம் தெரியாமல் இருக்கும். வாங்கும்போது கொஞ்சம் சூட்டையும் விடும். அதனால் நனைந்த பிறகும் உடம்பு விறைக்காது. மாலையில் அதன் கனத்தைச் சுமந்து இறங்க வேண்டும் என்பது அதன் விலை. மலைக்கு அது சரி. அதையே தக்கலையில் போட்டால் ஆள் அவிந்துபோவார்.

சமவெளியில் இருந்த பழைய ஏற்பாடுகள் எல்லாமே பாதி திறந்தவை. குடைப்பனை ஓலையில் முடைந்த தொப்பிக்குடையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு நாற்று நட்டார்கள்; இரண்டு கையும் சும்மா இருந்தன, முதுகில் காற்று அடித்தது, முழங்காலுக்குக் கீழே எப்படியும் வயல் தண்ணீர். சாக்கின் ஒரு மூலையை மறு மூலைக்குள் செருகிக் கொங்காணி போட்டுக்கொண்டவருக்கும் முன்பக்கம் திறந்தேதான். இவையெல்லாம் ஏழ்மையின் உடை என்பதை மறுக்கவில்லை. அந்த நடவுக்காரியிடம் கோட்டு கொடுத்திருந்தால் வேண்டாம் என்றிருக்க மாட்டாள். ஆனால் அவள் அதைப் போட்டுக்கொண்டு ஒரு வயல் நட்டு முடித்திருப்பாளா என்பதில் எனக்குச் சந்தேகம்.

இப்போது வருகிற விலை உயர்ந்த கோட்டுகள் இந்தப் பிரச்சினையைத் தீர்த்துவிட்டதாகச் சொல்கின்றன. 1969-இல் பாப் கோர் டெஃப்லான் தண்டைச் சூடாக்கி வெடுக்கென்று இழுத்தபோது அது நுண்துளைப் படலமாக விரிந்தது. அந்தத் துளையில் நீர்த்துளி நுழையாது, நீராவி நுழையும். கோர்டெக்ஸ் துணி அப்படிப் பிறந்தது. மூச்சுவிடும் துணி என்று விற்பதைக் கேட்டால், துணியே உள்ளிருக்கும் ஆவியை இழுத்து வெளியே தள்ளும் என்று நினைத்துவிடுவோம். தள்ளாது. உள்ளே ஆவியின் அழுத்தம் கூடுதலாகவும் வெளியே குறைவாகவும் இருந்தால் அது தானாக நகரும். அவ்வளவுதான். முப்பத்துநான்கு பாகைச் சூட்டில் வியர்த்த தோலில் ஆவியழுத்தம் ஏறத்தாழ 53 மில்லிபார். ஸ்காட்லாந்தில் ஐந்து பாகைக் குளிரில் மழை பெய்துகொண்டிருந்தாலும் வெளிக்காற்றில் 9 மில்லிபாருக்கு மேல் இருக்க முடியாது. வித்தியாசம் 44. பத்மநாபபுரத்தில் இருபத்தாறு பாகையில் மழை பெய்தால் வெளிக்காற்றிலேயே 33 இருக்கும். வித்தியாசம் 20. அதே துணி, அதே ஆள். வெளியேற்றும் விசை பாதிக்கும் கீழே. பத்து மடங்கு காசு கொடுத்துவிட்டுப் பாதி மூச்சு வாங்க வேண்டும்.

ஆயுள் கதை இன்னும் மோசம். இந்தக் கோட்டுகளில் பலவற்றின் உட்புறம் பாலியூரிதேன் பூச்சு. அதன் மலிவான வகைகளுக்கு ஈரமும் சூடும் சேர்ந்தால் ஆகாது. நீர் மூலக்கூறு அதன் சங்கிலியைக் கொஞ்சம் கொஞ்சமாக அறுக்கும். முதலில் பிசுபிசுப்பு, பிறகு செதில் செதிலாக உரிதல். அதற்கு மழையில் போட வேண்டும் என்றுகூட இல்லை. பைக்குள் மடித்து வைத்திருந்தாலே நம் காற்று அதைத் தின்றுவிடும். வெளிநாட்டில் இருக்கும் மகனோ மருமகனோ கொண்டுவந்து கொடுத்த நல்ல கோட்டு, பத்திரமாக அலமாரியில் வைத்தது, மூன்றாவது வருஷம் எடுத்துப் பார்த்தால் உள்ளே மாவாக உதிரும் வீடுகள் இங்கே எத்தனையோ. வெளிப்புறத்தில் நீர் உருண்டு ஓடச் செய்யும் ஃப்ளோரின் பூச்சு இருக்கிறதே, அது மட்டும் மண்ணிலும் நீரிலும் அழியாமல் கிடக்கிறது என்று 2026 முதல் பிரான்ஸ் உடைகளில் அதைத் தடைசெய்திருக்கிறது. கோட்டில் நீடித்து உழைத்தது அது ஒன்றுதான் போல.

கடைக் கோட்டு பிவிசி. அது மூச்சே விடாது, விடுவதாகச் சொல்லவும் சொல்லாது. அந்த நேர்மை எனக்குப் பிடிக்கும். அதை மெத்தென்று வைத்திருக்கும் எண்ணெய் வெயிலில் மெல்லக் கசிந்து போய்விட்டால் விறைத்து, மடிப்பில் விரியும். முதலில் கிழிவது எப்போதும் காற்சட்டையின் தொடைச்சந்து. பைக்கில் உட்கார்ந்தால் மடியில் தண்ணீர் குளம் கட்டும், உடல் எடை தையலை அழுத்தும், ஊசித்துளை வழியாக உள்ளே இறங்கும். லேபிளில் 5,000 மில்லிமீட்டர், 10,000 மில்லிமீட்டர் என்று எழுதியிருப்பது துணிமேல் அத்தனை உயரத்துக்கு நீரை நிறுத்தினாலும் ஒழுகாது என்ற கணக்கு. அந்தச் சோதனை துணிக்கு, தையலுக்கு அல்ல. ஆகவே வாங்கும்போது நான் கோட்டை உள்வெளியாகத் திருப்பிப் பார்ப்பேன். தையல்மேல் நாடா ஒட்டியிருக்கிறதா, தொடைச்சந்தில் துண்டு வைத்துத் தைத்திருக்கிறதா, ஜிப் உலோகமா பிளாஸ்டிக்கா. குளச்சல் கடற்கரை இங்கிருந்து தூரமில்லை. உலோக ஜிப்பை உப்புக் காற்று ஒரே வருஷத்தில் பிடித்துவிடும்.

அரண்மனைக்கு ஒருநாள் மழையில் போய்ப் பாருங்கள். சுற்றுலாக்காரர்கள் உள்ளே ஒதுங்கியிருப்பார்கள்; வெளிமுற்றத்தில் நின்று பார்ப்பதுதான் நல்லது. 1601-இல் இரவிவர்ம குலசேகரப்பெருமாள் தொடங்கி, பதினெட்டாம் நூற்றாண்டின் நடுவில் மார்த்தாண்டவர்மர் விரித்துக் கட்டியது. 1795 வாக்கில் தலைநகரம் திருவனந்தபுரத்துக்குப் போன பிறகும் மரம் மரமாகவே நிற்கிறது. வருஷத்துக்கு இரண்டு மழை, நானூறு வருஷம். அதை ஒருவர் மூடி வைத்துக் காப்பாற்றவில்லை. ஓடு செங்குத்தாகச் சரிகிறது. எரவாணம் சுவரைத் தாண்டி நெடுந்தூரம் வெளியே நீள்கிறது. மழை சுவருக்கு எட்டாத தொலைவில் விழுகிறது. மந்திரசாலையின் சன்னல்களில் மரச்சட்டங்கள் சாய்வாக நிற்கின்றன, நீர் வழிந்து வெளியே போகும், காற்று உள்ளே வரும். அடைத்த சுவர் எங்கேயும் குறைவு. அந்த ஆசாரி மரத்துக்கு ஈரம் பகையில்லை, காயாத ஈரம்தான் பகை என்று அறிந்து கட்டியிருக்கிறார். பழுது பார்ப்பதும் ஓயாமல் நடந்திருக்கிறது, அதைச் சொல்லாமல் விட்டால் ஆசாரிக்குமேல் அதிகமாகப் பாரம் ஏற்றியதாகும்.

கடைசியில் நான் வாங்கியது நைலான் துணி, உள்ளே பூச்சு, தையலுக்கு நாடா. ஓர் அளவு பெரியது. மேலும் கீழும் தனித்தனி. தொளதொளவென்று இருக்கிறது என்று வீட்டில் சிரித்தார்கள். அதை எடுத்துக்கொண்டு நேராகத் தையல்காரரிடம் போனேன். இரண்டு கக்கத்திலும் அரைச் சாண் வெட்டி, முதுகில் தோளுக்குக் கீழே குறுக்காக ஒரு கீறல் போட்டு, கீறல்மேல் நாலு விரல் அகலத்துக்குத் துண்டுத்துணி தொங்கவிடச் சொன்னேன்.

அவர் கோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "புதுக் கோட்டுல கத்தி வைக்கச் சொல்லுதியளே சாரே."

"கக்கத்துல மழ விழாதில்லா. முதுகுல விழுறத மேல உள்ள துண்டு தள்ளிவிட்டிரும்."

"அப்பம் கோட்டுக்கு எரவாணம் வச்சுத் தரணும்."

"அதுதான்."

துண்டை மேலே மட்டும் தைத்து ஒட்டினார், கீழே விட்டுவிட்டார். ஊசித்துளைகளுக்குச் சைக்கிள் பஞ்சர் பசையைத் தடவினார்; அது ரப்பர் கரைசல், மக்கின்டாஷ் வேலைதான், ஆனால் அதை நான் அவரிடம் சொல்லவில்லை, ஏற்கெனவே என்னைப் பற்றி அவருக்கு ஓர் அபிப்பிராயம் வந்திருந்தது. கூலி நூறு ரூபாய். கோட்டை மடிக்காமல் ஹேங்கரில் மாட்டிக் கையில் கொடுத்தார்.

"காத்தாட தொங்கப் போடணும், பாத்துக்கிடுங்க. ஈரத்தோட மடிச்சு வண்டிப் பெட்டியில வச்சுக்கிட்டு, துலாத்துல வந்து பூசணம் பிடிச்சுண்ணு எங்கிட்ட சொல்லப்பிடாது. தையலுக்கு மட்டும்தான் நான் பொறுப்பு."